7-ஐ பூட்டி வைக்கணுமா?

இன்னைக்கு எபிசோடை 2017 ஆகஸ்ட் 31, கொழும்புல இருந்து ஆரம்பிக்கலாம். இந்தியா – இலங்கை நாலாவது ஒரு நாள் போட்டி. கோலி சதம், ரோஹித் சதம், தோனிக்கு அது 300-வது ஒரு நாள் போட்டி. ஆனா அன்னைக்கு ராத்திரி ட்விட்டர்ல சண்டை நடந்தது இதுக்கெல்லாம் இல்லை. ஷர்துல் தாக்கூர்னு ஒரு பையன், அதுதான் அவருக்கு முதல் சர்வதேசப் போட்டி. முதுகுல 10 போட்டுக்கிட்டு பந்து போட ஓடி வந்தாரு. அவ்வளவுதான்.

10 யாரோடதுன்னு சொல்லவே வேண்டாம். சச்சின் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகியிருந்தது, அந்த நம்பரை யாரும் தொடலை. "உனக்கு என்ன தகுதி இருக்கு?"ன்னு ஆரம்பிச்சு, சொல்லக் கூச்சப்படுற வார்த்தை வரைக்கும் திட்டித் தீர்த்தாங்க. அவர் அந்த நம்பரை எடுத்ததுக்குக் காரணம் நியூமராலஜி. பிறந்த தேதி 16-10-1991. எல்லாத்தையும் கூட்டினா 28, அதைக் கூட்டினா 10. பால்கர்ல இருந்து கிட் பேக்கைத் தூக்கிக்கிட்டு மும்பை ரயில்ல நின்னுக்கிட்டே போய் ஆடிக் கத்துக்கிட்ட ஆளு. முதல் மேட்ச் ஆடின சந்தோஷம் ஒரு நாள்கூட முழுசா நிக்கலை. அப்புறம் நம்பரை 54-க்கு மாத்திட்டாரு. அந்த வருஷம் நவம்பர்ல, 10-ஐ இனிமே யாருக்கும் கொடுக்கிறதில்லைன்னு கிரிக்கெட் வாரியம் சத்தமில்லாம முடிவு பண்ணிடுச்சுன்னு செய்தி வந்தது. 2023 டிசம்பர்ல அதே மரியாதை தோனியோட 7-க்கும் கிடைச்சதா செய்தி.

இப்ப நம்ம கேள்விக்கு வருவோம். போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்: இந்திய டீம்ல 7 இல்லை, சரி. தோனி ஒரு நாள் சிஎஸ்கே ஜெர்ஸியையும் கழட்டி வைக்கத்தான் போறாரு. அன்னைக்கு ஐபிஎல்ல இருக்கிற பத்து டீமுக்கும் சேர்த்து 7-ஐ எடுத்துடணுமா? எந்த டீம்லயும், எந்தக் காலத்துலயும், யாரும் போடக் கூடாதுன்னு?

நான் யாருன்னு முதல்லயே சொல்லிடறேன், அப்பதான் நியாயம். மஞ்சள் சட்டை கோஷ்டிதான் நானும். "தல ஃபார் எ ரீசன்" ஓடிக்கிட்டு இருந்தப்ப கையில கிடைச்ச எல்லா நம்பரையும் கூட்டிப் பார்த்த ஆளு. எங்க ஊர் மரக்காணம். பின்கோடு 604303. கூட்டிப் பாருங்க. 16 வரும், அதைக் கூட்டினா 7. சொன்னா எங்க ஆபீஸ்ல யாரும் மதிக்க மாட்டேங்கிறாங்க, பரவாயில்லை.

இவ்வளவு இருந்தும் என் பதில், வேண்டாம்ங்கிறதுதான். திட்டுறவங்க கொஞ்சம் பொறுத்துக்கிட்டு முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க.

ஒரு டீம் ஒரு நம்பரை எடுத்து வைக்கிறது வேற, ஒரு லீக் முழுக்க எடுத்து வைக்கிறது வேற. முதலாவது நன்றி. எங்களுக்காக ஆடினே, எங்க வீட்ல உன் நாற்காலி காலியாவே இருக்கும். இதை அமெரிக்காவுல பேஸ்பால் டீம்கள் 1939-லயே ஆரம்பிச்சுட்டாங்க, நியூயார்க் யாங்கீஸ் டீம்ல லூ கெரிக்கோட 4-ல இருந்து. அந்த யாங்கீஸ் நிலைமை இப்ப என்னன்னா, 1-ல இருந்து 9 வரைக்கும் ஒண்ணுகூட பாக்கி இல்லை. புதுசா வர்ற பையனுக்கு ஒற்றை இலக்கம் வேணும்னா 0 தான் இருக்கு.

லீக் முழுக்க எடுக்கிறதுக்கு அதே பேஸ்பால்ல ஒரே ஒரு உதாரணம்தான் இருக்கு. ஜாக்கி ராபின்சன், நம்பர் 42. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். அமெரிக்கப் பெரிய லீக்குகள்ல அறுபது வருஷத்துக்கிட்ட கறுப்பினத்தவர் யாரையும் சேர்த்துக்கலை. சட்டம்னு எழுதி வைக்கலை, எல்லா முதலாளிகளும் சேர்ந்து அப்படியே நடத்திக்கிட்டாங்க. 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமுக்காக ராபின்சன் இறங்கினாரு. அவரை எதிர் டீம் கேவலமா ஏசினது, கொலை மிரட்டல் கடிதம் வந்தது எல்லாம் பதிவாகி இருக்கு. சரியா 50 வருஷம் கழிச்சு, 1997 ஏப்ரல் 15, எல்லா டீமும் 42-ஐ எடுத்து வைக்கணும்னு லீக் அறிவிச்சது. ஏற்கெனவே 42 போட்டிருந்தவங்க மட்டும் ஆடி முடிக்கிற வரைக்கும் வெச்சுக்கலாம்னு விட்டாங்க. கடைசி ஆள் யாங்கீஸோட மரியானோ ரிவேரா, 2013-ல ரிட்டயர் ஆனாரு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ராபின்சன் ஆடினது டாட்ஜர்ஸுக்கு. மத்த டீமுக்கெல்லாம் அவர் எதிராளி. அப்புறம் ஏன் எல்லாரும் எடுத்து வைக்கணும்? ஏன்னா கதவைச் சாத்தி வெச்சிருந்தது எல்லாரும்தான். பாஸ்டன் டீம் முதல் கறுப்பின வீரரை இறக்கினது 1959-ல. ராபின்சன் வந்து பன்னிரண்டு வருஷம் கழிச்சு, அவரே ரிட்டயர் ஆன பிறகு. ஆக அந்த 42 வெறும் பாராட்டு இல்லை. அது கடன் பத்திரம், ஒவ்வொரு டீமும் தனித்தனியா கையெழுத்துப் போட வேண்டியது.

அதே பேஸ்பால்ல இன்னொரு நம்பருக்கும் ரொம்ப காலமா இதே கோரிக்கை இருக்கு. ராபர்ட்டோ கிளெமென்டே, நம்பர் 21. புவேர்ட்டோ ரிக்கோக்காரர். சரியா 3000 ஹிட் அடிச்சு சீசனை முடிச்சாரு. அந்த வருஷக் கடைசி நாள், 1972 டிசம்பர் 31, நிகரகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏத்திக்கிட்டுப் போன விமானம் கடல்ல விழுந்து இறந்துட்டாரு. பிட்ஸ்பர்க் டீம் 21-ஐ எடுத்து வெச்சது. லீக் முழுக்க எடுக்கணும்னு லத்தீன் அமெரிக்க ரசிகர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ராபின்சனோட மகளே, வேற விதமா மரியாதை பண்ணலாம், நம்பர் வேண்டாம்னு ஒரு தடவை சொன்னாங்க. மனசு கேக்காத விஷயம் இது. கிளெமென்டேக்கு இவ்வளவு யோசிக்கிறாங்கன்னா, லீக் முழுக்க எடுக்கிறதுக்கான வாசப்படி எவ்வளவு உயரம்னு புரிஞ்சுக்கலாம்.

கூடைப்பந்துல பில் ரசல், நம்பர் 6, 2022-ல. பதினோரு சாம்பியன்ஷிப், அதோட இனவெறிக்கு எதிரா வாழ்நாள் முழுக்க நின்ன மனுஷன். ஐஸ் ஹாக்கியில வேய்ன் கிரெட்ஸ்கி, 99. இதுதான் என் வாதத்துக்கு இடிக்கிற ஒரே கேஸ், மறைக்க விரும்பலை. கிரெட்ஸ்கிக்குக் கடன் எதுவும் கிடையாது, வெறும் திறமைதான். ஆனா 99-ங்கிறது அவர் போடுறதுக்கு முன்னாடி யாரும் அவ்வளவா தேடிப் போன நம்பரும் இல்லை. அதை எடுத்து வெச்சதால எந்தப் பையனோட கனவும் உடையலை.

7 அப்படியா? இதுக்குத்தான் எங்க ஊர் பக்கம் வரணும். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறவங்க மரக்காணத்தைக் கடந்திருப்பீங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா உப்பளம், நடுவுல வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். நிறைய பேர் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பீங்க. உப்பு வேலை வெயில் காலத்து வேலை. ஐப்பசி மழை இறங்கிட்டா அளம் மூழ்கிடும், வேலை கிடையாது. வேலை இருக்கிற மாசத்துல விடியறதுக்கு முன்னாடியே பாத்தியில இறங்கினாத்தான் வெயில் ஏறுறதுக்குள்ள கொஞ்சமாவது வார முடியும். காலையில அப்படி வேலை செஞ்சுட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் ஆட வர்ற பசங்களோடதான் நான் வளர்ந்தேன்.

டோர்னமெண்ட்னா ஜெர்ஸி அடிக்கணும். காசு ஊர்ப் பெரியவர் யாராவது கொடுப்பாரு, நெஞ்சுல அவர் பேரு பெருசா இருக்கும், முதுகுதான் நம்மளோடது. நம்பர் எழுதுற நோட்டுல முதல் சண்டையே 7-க்குத்தான். கீப்பர் கேப்பான். ஆறாவது இறங்கி சிக்ஸர் அடிக்கிறவன் கேப்பான். ஜூலைல பொறந்தவன் ஒருத்தன் கேப்பான், உண்மையிலேயே நியாயமான உரிமை அவனுக்குத்தான், தோனியே அந்தக் காரணத்துக்குத்தான் 7 எடுத்தாரு. இந்தியா சிமெண்ட்ஸ் நிகழ்ச்சி ஒண்ணுல அவரே சொன்னது: ஜூலை 7 பொறந்தேன், ஏழாவது மாசம் ஏழாம் தேதி, அதனால எடுத்தேன், மூடநம்பிக்கை எல்லாம் இல்லைன்னு. எங்க டீம்ல தீர்ப்பு எப்படி ஆச்சுன்னா, ஒரே டீம்ல ரெண்டு 7 அடிச்சோம். ஒண்ணு 7, இன்னொண்ணு 07. ஸ்கோர் எழுதுறவனுக்கு ரெண்டு பேரையும் பேர் சொல்லியே தெரியும், அதனால எந்தப் பிரச்சினையும் வரலை.

இந்தப் பசங்க யாரும் தோனிக்கு அவமரியாதை பண்றதா நினைச்சு 7 போடலை. அவர் மேல இருக்கிற பைத்தியத்துலதான் போடறாங்க. ரசிகன் முதுகுல போட்டா பக்தி, அதே ரசிகன் வளர்ந்து, நல்லா ஆடி, ஐபிஎல் ஏலத்துல எடுக்கப்பட்டு அங்க போட்டா துரோகமா? எந்த வயசுல, எத்தனை ரன் அடிச்ச பிறகு அது துரோகமா மாறுது?

சும்மா கற்பனைக்குக் கேக்கலை. சுப்மன் கில்லுக்கு அண்டர்-19 டீம்ல 7 வேணும்னு ஆசை. கிடைக்கலை, அதனால ரெண்டு 7 சேர்த்து 77 எடுத்துக்கிட்டாரு. இந்திய டீம்ல அந்த 77 இன்னைக்கு அவரோட அடையாளமே ஆகிடுச்சு. ஆனா குஜராத் டைட்டன்ஸ்ல அவருக்கு 7 கிடைச்சது. 2023 ஐபிஎல் ஃபைனல், அகமதாபாத், ஜடேஜா பந்து. கில் கால் ஒரு நொடிக்கும் குறைவா கிரீஸை விட்டு வெளியே போச்சு, அதுக்குள்ள பெயில்ஸ் பறந்துடுச்சு. 7 நம்பர், 7 நம்பரை ஸ்டம்பிங் பண்ணுது. எனக்கு அந்த ஃபைனல்ல ஜடேஜாவோட கடைசி ஃபோருக்கு அடுத்தபடியா பிடிச்ச காட்சி அதுதான். லீக் முழுக்க ஒருத்தருக்கு மட்டும்தான் 7னு இருந்திருந்தா, இது வெறும் இன்னொரு ஸ்டம்பிங்.

சட்டையோட கணக்கையும் பார்க்கணும். 2023-ல வந்த செய்திகள்படி, இந்திய டீம்ல ஆடுறவங்களும் வரிசையில நிக்கிறவங்களுமா சேர்த்து அறுபது நம்பர் கிட்ட ஏற்கெனவே யாரோ ஒருத்தரோடது. புதுசா வர்றவருக்கு முப்பது சொச்சத்துல இருந்துதான் தேர்வு. யஷஸ்வி ஜெய்ஸ்வால் ராஜஸ்தான் டீம்ல போடற 19-ஐக் கேட்டாரு. அது நம்ம தினேஷ் கார்த்திக்கோடது, அப்ப அவர் ரிட்டயர் ஆகலை. 64 வாங்கிக்கிட்டாரு. இந்த 64-க்கு இன்னொரு கதை இருக்கு. ஆஸ்திரேலியாவோட பில் ஹியூஸ் நம்பர் அது. 2014 நவம்பர்ல சிட்னியில 63 ரன்ல ஆடிக்கிட்டு இருந்தப்ப கழுத்துல பந்து பட்டு, ரெண்டு நாள்ல இறந்துட்டாரு. 25 வயசு. ஒரு நாள் போட்டியில அவர் போட்ட 64-ஐ ஆஸ்திரேலியா எடுத்து வெச்சுடுச்சு. அது அவங்க வீட்டுத் துக்கம், அவங்க வீட்டுக் காலி நாற்காலி. ஜெய்ஸ்வால் இங்க 64 போட்டு சதம் அடிக்கிறப்ப அந்தத் துக்கம் எதுவும் குறைஞ்சுடலை.

சரி, இப்ப என் தொழில் புத்தியோட ஒரு விஷயம். டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், ஒரு ஆளுக்குக் கொடுத்த ஐடியை இன்னொருத்தருக்குத் திரும்பக் கொடுக்கவே கூடாது. அந்த ஆள் வேலையை விட்டுப் போனாலும் அந்த ஐடி அவரோடதுதான். ஜெர்ஸி நம்பரை நாம அந்த மாதிரி நினைச்சுத்தான் சண்டை போடறோம். ஆனா கிரிக்கெட்ல அந்த ஐடி ஏற்கெனவே இருக்கு! தொப்பி நம்பர். முதல் போட்டிக்கு முன்னாடி கையில கொடுக்கிறாங்களே, அந்தத் தொப்பிக்கு ஒரு வரிசை எண். டெஸ்ட்ல சச்சின் 187. தோனி 251. கோலி 269. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 300, அடுத்த 301 வாஷிங்டன் சுந்தர். இந்த எண்ணை ரிட்டயர் பண்ண ஒரு தீர்மானமும் தேவையில்லை. கேட்டாலும் அடுத்தவனுக்குக் கிடைக்காது. 251 என்னைக்கும் தோனிதான், அவர் பேரே மறந்து போற காலத்துலயும்.

இன்னொண்ணு. டெஸ்ட் சட்டையில முதுகு நம்பர் வந்ததே 2019 ஆகஸ்ட்லதான். சச்சின் 2013-ல முடிச்சாரு, தோனி டெஸ்ட்ல 2014-ல முடிச்சாரு. அதாவது டெஸ்ட்ல சச்சின் அடிச்ச 15,921 ரன்னுல ஒரு ரன்கூட 10 போட்டு அடிச்சது இல்லை. ஒரு நாள் போட்டியிலயே அவர் 99, 33 எல்லாம் போட்டிருக்காரு.

நம்பரைப் பூட்டி வெச்சா என்ன போகும்னு கேட்டீங்கன்னா, அர்ஜென்டினாவைப் பாருங்க. மரடோனாவோட 10-ஐ 2002 உலகக் கோப்பைக்கு முன்னாடி எடுத்து வைக்கலாம்னு அவங்க கிளம்பினாங்க. 1-ல இருந்து 23 வரைக்கும் வரிசையா இருந்தே ஆகணும்னு ஃபிஃபா மறுத்துடுச்சு. வேற வழி இல்லாம ஓர்த்தேகா அந்த 10-ஐப் போட்டாரு. ஃபிஃபா அன்னைக்குத் தலையாட்டியிருந்தா, 2022-ல கத்தார்ல கோப்பையைத் தூக்கின மெஸ்ஸி முதுகுல வேற ஏதோ ஒரு நம்பர் இருந்திருக்கும். மரடோனாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை எந்த அலமாரியில வெச்சாலும் கிடைச்சிருக்காது.

இங்க நாம எந்தப் பக்கம் போயிட்டு இருக்கோம்? 2025 மே மாசம் கோலி டெஸ்ட்ல ரிட்டயர் ஆனாரு. அந்த மாசமே இந்தியா 'ஏ' டீம் இங்கிலாந்து லயன்ஸோட ஆடினப்ப முகேஷ் குமார் 18 போட்டு இறங்கினாரு. மறுபடியும் கொழும்பு. அதே திட்டு. 'ஏ' போட்டிகள்ல யாருக்கும் குறிப்பிட்ட நம்பர் கிடையாதுன்னு வாரியத் தரப்புல விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஆனா பாருங்க, ஸ்மிருதி மந்தனா எத்தனை வருஷமா 18 போடறாங்க. ஜூலை 18 பொறந்த நாள். ஆர்சிபியில அவங்களும் 18, கோலியும் 18. பூட்டணும்னா அவங்க முதுகுல இருந்து உரிச்சு எடுக்கப் போறோமா?

கடன்னு சொன்னேன் இல்லையா, அதுக்குத் திரும்பி வரேன். இந்திய கிரிக்கெட் முழுசும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கடன் ஒண்ணு இருக்கு. அது தோனிக்கோ சச்சினுக்கோ இல்லை. அவங்களுக்கு நாம கொடுக்காதது எதுவும் பாக்கி இல்லை. பல்வங்கர் பாலு. 1876-ல பிறந்தவர், தலித். புனே கிளப்ல மைதானத்துல அவர் பந்தைப் பிடிக்கலாம், போடலாம். டீ டைம்ல அவருக்கு வெளியே தனியா மண் குவளை. 1911-ல இங்கிலாந்து போன இந்திய டீம்ல நூறு விக்கெட்டுக்கு மேல எடுத்தாரு, மத்தவங்க திணறின டூர் அது. அவ்வளவு எடுத்தும் இந்துக்கள் டீமோட கேப்டன் பதவியை அவருக்குக் கொடுக்கவே இல்லை. போராட்டம் பண்ணி, 1923-ல அவரோட தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைச்சது. ராமச்சந்திர குஹா இதை விரிவா எழுதியிருக்காரு, தேடிப் படிங்க. லீக் முழுக்க ஒரு இடத்தைக் காலியா விடணும்னா, நான் கை காட்டுறது அவரைத்தான். சிக்கல் என்னன்னா, அவர் ஆடின காலத்துல முதுகுல நம்பரே கிடையாது. எடுத்து வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை.

அதனால 7-க்கு என் யோசனை இது. சிஎஸ்கேல யாருக்கும் கொடுக்க வேண்டாம், அது அவங்க வீடு, அங்க எனக்கும் இன்னொருத்தர் முதுகுல பார்க்க மனசு வராது. மத்த ஒன்பது டீமும் அவங்க இஷ்டம். அதோட, வருஷா வருஷம் சேப்பாக்கத்துல முதல் மேட்ச் அன்னைக்கு சிஎஸ்கே பதினோரு பேரும் 7 போட்டு இறங்கட்டும். பேஸ்பால்ல 42-க்கு இதைத்தான் பண்றாங்க. 2007-ல கென் கிரிஃபி ஜூனியர் ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக்கறேன்னு அனுமதி கேட்டாரு. 2009-ல இருந்து ஏப்ரல் 15 அன்னைக்கு எல்லா டீம்லயும் எல்லாரும் 42. கமெண்டேட்டர்களுக்குத் தலை சுத்தும், சுத்தட்டும்.

ஷர்துலை அப்படியே கொழும்புல விட்டுட்டுப் போக முடியாது. 2021 ஜனவரி, பிரிஸ்பேன். இந்தியா 186-க்கு 6. ஷர்துலும் வாஷிங்டன் சுந்தரும் சேர்ந்து 123 ரன். ஷர்துல் 67, வாஷி 62. அது எத்தனாவது விக்கெட்டுக்குன்னு பாருங்க: ஏழாவது. அந்த மேட்ச்ல ஷர்துல் எடுத்த விக்கெட், முதல் இன்னிங்ஸ்ல மூணு, ரெண்டாவதுல நாலு. கூட்டிக்கோங்க. முதுகுல 54 தான் இருந்தது.

மாத்துக் கருத்து இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. போன தடவை ஒருத்தர் பதினோரு நிமிஷம் அனுப்பியிருந்தாரு, முழுசா கேட்டேன், நல்லாத்தான் இருந்தது, ஆனா வேண்டாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.